ஏரிக்கரையில் முப்பதடி மாமா

மன்ஹைம், ஜெர்மனி
8 ஜூலை 2007

அக்கா பெற்றெடுத்த அருமைச் சண்டைக்காரி கல்பனாவுக்கு,

ஓடைவாயல் கிராமத்தின் ஒரே உலகப் பயணியும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் தன்னிகரற்ற தோட்ட மேஸ்திரியும், உன் தாய்மாமனுமாகிய பூவராகவன் ரைன் நதி தீரத்திலிருந்து வரைவது.

மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது பொன்னேரி வரைக்கும் ரயிலை நிறுத்திய குரல் அல்லவா அது! போனைத்தான் வைக்க முடியும், கடிதத்தை வைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

ஊரே மாலை போட்டு என்னை வழியனுப்பிய அன்று நீ மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாய். கம்பெனி தரும் டிக்கெட்டில் போகாதே என்றாய். போகாமல் இருக்க முடியுமா? நான் வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் இன்னொரு முறை சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். கத்திரி வெயிலில் கம்பெனி வாசல் புல்வெளி வைக்கோலாய்க் காய்ந்து கிடந்தது. மறுநாள் ஜெர்மன் முதலாளிகள் வருகிறார்கள். கம்பெனி காய்ச்சுவதோ சாயம். நான் என்ன செய்தேன்? பச்சைச் சாயத்தில் ஒரு டின் எடுத்தேன், பூச்சிமருந்து அடிக்கும் தெளிப்பானில் ஊற்றினேன், ஒரு சுற்று வந்தேன். சொர்க்கத்தில்கூட அப்படி ஒரு பச்சை கிடையாது. பெரிய துரை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். "இந்த வெயிலில் இந்தப் பச்சையா! இந்த மனிதரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள், எங்கள் பூங்காக்களைப் பார்க்கட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். நல்லவேளை, வெள்ளைக் கால்சட்டையோடு அவர் அதில் உட்காரவில்லை.

இப்படியாகப் பூங்கா பார்க்க வந்தேன். என்ன சொல்வேன்! குமட்டுகிறது, கல்பனா.

முதலில் இந்த ஊருக்குத் தெருப் பெயர் வைக்கத் துப்பில்லை. நடு ஊர் முழுக்க எழுத்தும் எண்ணும்தான். நான் தங்கியிருக்கும் வீடு C பிளாக், நாலாவது கட்டம். நம் தொழிற்பேட்டை பிளாட் நம்பர் போல. முந்நூறு வருஷமாக இப்படித்தானாம். ஒரு பிள்ளையார் இல்லை, ஒரு பஜனைக்கோயில் இல்லை; வேறு எதை வைத்து அடையாளம் சொல்வார்கள், பாவம்.

பூங்காவின் பெயர் லூயிசன்பார்க். உள்ளே நுழைய டிக்கெட்! புல்லைப் பார்க்க டப்பு கேட்கிறான் பாவி! அதில் ஒரு குளம், குளத்தில் மஞ்சள் குடை போட்ட படகுகள். துடுப்பு இல்லை, மோட்டார் இல்லை. தண்ணீருக்கு அடியில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். படகு நகர்வதற்குள் எனக்கு நரை கூடிவிட்டது. என் முன்னால் போன படகில் ஒரு ஜோடி காதலிக்க ஆரம்பித்தது. கரை சேர்வதற்குள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டது.

புல்வெளியிலோ ஆணும் பெண்ணும் துணிப் பஞ்சத்தில் மல்லாந்து கிடக்கிறார்கள். பக்கத்தில் வாத்து மேய்கிறது. கொழுத்த வாத்து! ஒருவர்கூட அதைக் குழம்பு வைக்கும் கண்ணால் பார்க்கவில்லை. கம்பத்து உச்சியில் நாரைகள் கூடு கட்டி, அலகைத் தட்டிக்கொண்டு நிற்கின்றன. பழவேற்காடு நாரைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை வேண்டும் போலிருக்கிறது, அதே திமிர். நாய்க்குப் பின்னால் கனவான்கள் பிளாஸ்டிக் பையோடு நடக்கிறார்கள். எதற்கு என்று கேட்காதே. பார்த்த அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வழிகாட்ட எர்னா என்று ஓர் அம்மாள். அறுபது வயது, ஒட்டகச்சிவிங்கி நடை. அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சந்திக்கும் இடத்தில் ஒரு புது மொழி பிறந்திருக்கிறது.

கவலைப்படாதே, ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடுவேன். செப்டம்பர் ஆறாம் தேதி அதிகாரிகள் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான்தான் முதலில் பேச வேண்டும் என்று நம் கம்பெனி மேனேஜர் பாக்கியநாதன் சார் சொல்லியிருக்கிறார். கம்பெனி இரண்டாவது யூனிட் கட்டினால் நம் ஊரும் இந்த ஊர் போல ஆகிவிடும் என்று ஒரு போடு போட்டேன் என்றால் சபை கிடுகிடுக்கும்.

அக்காவிடம் சொல்: இங்கே தயிர் இனிக்கிறது. நாகரிகத்தின் அழிவு அதிலிருந்துதான் ஆரம்பம்.

ரைன் நதி கொண்ட
பூவராக மாமன்


ஓடைவாயல்
20 ஜூலை 2007

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டது, சிரித்தது. வாத்தைப் பற்றி இரண்டு தடவை படிக்கச் சொன்னது. நான் சிரிக்கவில்லை.

நீ குமட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். இங்கே எனக்கு என்ன ஆகிறது என்று எழுதட்டுமா?

காலையில் மாட்டை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனால் கரை வரைக்கும் வருகிறது. மோந்து பார்க்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிவிடுகிறது. மாட்டுக்கே ஆகாத தண்ணீரில்தான் நான் இறங்கி மடை திருப்புகிறேன். கம்பெனிக் குழாய் விழும் வளைவில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா. மேலே நுரை, பழைய பால் திரிந்த மாதிரி. மீன் மல்லாந்து மிதக்கிறது. போன வாரம் தவளை, தோல் உரிந்து, கண் மட்டும் திறந்து. காலை வெளியே எடுத்தால் முழங்கால் வரைக்கும் வழவழ என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்த நாற்றம் போவதில்லை. அதே கையால்தான் சோறு பிசைகிறேன்.

சொர்ணவாரி நெல் அறுத்தாச்சு. பாதி பதர். உலையில் போட்ட அரிசி பொங்கும்போது மருந்துக்கடை வாடை வருகிறது. அம்மா அதையே சாப்பிடுகிறது. நான் வெளியே போய் துப்பிவிட்டு வந்தேன்.

இரண்டாவது யூனிட்டின் கழிவும் அதே வளைவில்தான் விழுமாம். அப்புறம் இந்த ஒன்றரை ஏக்கரில் நான் நடுவதற்கு ஒன்றும் இல்லை. உன் பங்கை நீ கம்பெனிக்கு விற்றாய், மேஸ்திரி வேலை கிடைத்தது. எனக்கு விற்கவும் மனமில்லை, விற்றால் வேறு வேலையும் தெரியாது.

கூட்டத்தில் நான் பேசப்போகிறேன். இவர் வேண்டாம் என்கிறார். "என் ஷேர் ஆட்டோ ஓடறதே கம்பெனி கேட்டுக்குத்தான். நீ பேசிட்டு வந்துடுவே, நான் இன்னா செய்யறது?" என்கிறார். அது வேறு தினமும் சண்டை.

நான் அழுது பேசினாலும் ஊர் கேட்காது. நீ வாயைத் திறந்தால் ஊரே சிரித்துக்கொண்டே கை தூக்கிவிடும். அதற்குத்தான் உன்னை அனுப்பியிருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன். நீ எனக்காகப் பேச வேண்டாம். சும்மா இரு. அது உன்னால் முடியுமா?

அம்மா கேட்கச் சொன்னது: குளிருக்குக் காதில் பஞ்சு வைக்கிறாயா?

கல்பனா


மன்ஹைம்
31 ஜூலை 2007

மருமகளே, மகா கோபக்காரியே,

உன் கடிதத்தை உறையிலிருந்து எடுத்ததும் அறை முழுக்க நம் ஏரி வீசியது. பக்கத்து அறைக்காரன் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

நாறுகிறதாம்! ஊரில் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரிவது கம்பெனிச் சம்பளத்தில். சம்பளம் மணக்க வேண்டும் என்றால் கம்பெனி கொஞ்சம் நாறத்தான் செய்யும். நானா குழாய் போட்டேன்? நான் புல் வளர்க்கிறவன். சரி, புல்லுக்குச் சாயம் அடிக்கிறவன். குழாய்ப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது.

உனக்கு ஒரு நல்ல சேதி சொல்கிறேன், சந்தோஷப்படு. என் மகிமை ஜெர்மனி முழுக்கப் பரவியதால் என்னை விட மனமில்லாமல் தவிக்கிறார்கள். இன்னும் மூன்று தோட்டங்கள் பாக்கி இருக்கின்றன, செப்டம்பர் பதினைந்து வரை இருந்துவிட்டு வாருங்கள் என்று பாக்கியநாதன் சாரே தகவல் அனுப்பியிருக்கிறார். ஆகையால் கூட்டத்தில் நான் இல்லை. நீ கேட்டபடியே சும்மா இருக்கப்போகிறேன். ஐந்தாயிரம் மைல் தள்ளி நின்று சும்மா இருப்பது எனக்கும் சுலபம்தான்.

இனி ஊர் சுற்றிய அவஸ்தை. இந்த நகரத்தின் தலையாய அதிசயம் எது தெரியுமா? தண்ணீர் டேங்க்! நம் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டி. அதற்கு வாசர்டூர்ம் என்று பெயர் வைத்து, உச்சியில் ஒரு சிலையை நிறுத்தி, சுற்றிலும் ரோஜா நட்டு, கீழே நீரூற்று விட்டு, பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து படம் பிடிக்கிறது. ஒரு குடம் பிடிக்க ஒருத்தியும் வரிசையில் நிற்கவில்லை. நம் ஊர் டேங்க் அடியில் நடக்கும் குடத்துச் சண்டையில் பாதி இங்கே நடந்தால் அதற்குத் தனி டிக்கெட் போடலாம்.

அங்கேதான் கம்பெனி ஆள் என்னைப் படம் பிடித்தான். கோட்டு எர்னாவின் வீட்டுக்காரருடையது. அவர் தூண் மாதிரி மனுஷர்; கோட்டுக்குள் நான் ஒருவன், இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஆனால் படம்! மீசை ஒன்றே போதும், ஒரு மாநிலத்தை ஆளலாம். பல் எல்லாம் தெரியச் சிரித்திருக்கிறேன். பாக்கியநாதன் சாருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

பிறகு டவர் ஒன்றில் ஏற்றினார்கள். உச்சியில் ஹோட்டல் சுற்றுகிறது. நான் காப்பிக்குச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய் வந்தால் என் மேஜை வேறு திசைக்குப் போய்விட்டது. வயிறு வேறு, ஊர் வேறு, இரண்டும் சேர்ந்து சுற்றியதில் எனக்கு ஆன பேஜாரை எழுத முடியாது. அந்த ஹோட்டலின் தரைவிரிப்பு அதைச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை எர்னா ஆற்றங்கரைக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். மரமென்றால் மரம், நாலு பேர் கை கோத்தாலும் பிடிபடாது. அதைத் தாண்டினால் ரைன் கரையில் மணல் திட்டு. ஜனம் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் காலை நனைத்துக்கொண்டு கூத்தடிக்கின்றன. பெரிய பெரிய சரக்குப் படகுகள் போகின்றன. நானும் கை நனைத்தேன். மோந்து பார்த்தேன். மறுபடி நனைத்தேன், மறுபடி மோந்தேன்.

திரும்பும் வழியில், இங்கே இருக்கும் நம் கம்பெனியின் தாய் ஆலைச் சுவர் ஆற்றைத் தொடும் இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்று பார்த்தேன். அதை எழுதப்போவதில்லை. எழுதினால் நீ இன்னும் குதிப்பாய்.

காதில் பஞ்சு வைத்தேன் என்று அக்காவிடம் சொல். எர்னா எனக்குக் காது வலியென்று நினைத்து டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள்.

பூவராக மாமன்


ஓடைவாயல்
11 ஆகஸ்ட் 2007

மாமா,

நீ கூட்டத்துக்கு வரமாட்டாய் என்று எழுதியிருந்தாய். நீ ஏற்கெனவே வந்துவிட்டாய்.

ஏரிக்கரை வளைவில் உனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருக்கிறார்கள். முப்பதடி நீளம். இரண்டு ஆள் உயரம். சவுக்குக் கம்பம் நட்டு, கயிறு போட்டு, நடுவில் நீ. அந்தக் கோட்டு, அந்த மீசை. பின்னால் ரோஜாத் தோட்டம், தண்ணீர் டேங்க். மேலே "ஜெர்மனி போற்றும் எங்கள் பூங்கா வேந்தரே!" என்று எழுதியிருக்கிறது. கீழே "நாளைய ஓடைவாயல் இதோ!" உன் கூட்டாளி பரசுராமன் மாமா தேங்காய் உடைத்து சூடம் காட்டினார். பட்டாசு வேறு வெடித்தார்கள். "நம்ம பூவராகன் சிரிக்கிறத பாரு, அப்படியே கூப்பிடற மாதிரியே இருக்குது" என்று ஊரே பார்த்துவிட்டுப் போகிறது.

எந்த வளைவில் என்று நீ கேட்பாய். நானே சொல்கிறேன். குழாய் விழும் வளைவில். ரோட்டில் நின்று பார்த்தால் நீதான் தெரிகிறாய். உனக்குப் பின்னால்தான் அது விழுகிறது. உன் பல்வரிசைக்குக் கீழே துணி கொஞ்சம் தூக்கியிருக்கிறது. அந்த இடுக்கில் ஊதா நுரை வழிந்து ரோட்டோரம் வருகிறது. சாயங்காலம் காற்று அடித்தால் பேனர் உப்பி, நீ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. வருகிற நாற்றம் உன் வாயிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. எழுதவே ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

கூட்டத்து அன்றைக்கு அதிகாரிகள் ஜீப் அந்தக் கரை வழியாகத்தான் வரும். அதுவரைக்கும் நீ அங்கே சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது தெரிகிறதா உன்னை ஏன் பதினைந்து வரைக்கும் இருக்கச் சொன்னார்கள் என்று? நேரில் வந்தால் நீ பேசுவாய். நீ என்ன பேசுவாய் என்று உனக்கே தெரியாது. பேனர் பேசாது.

நான் கம்பெனி கேட்டுக்குப் போய் பாக்கியநாதன் சாரைக் கேட்டேன். "உங்க மாமாவை நாங்க கௌரவப்படுத்தறோம். சொந்தக்காரி, உனக்கு என்னம்மா பொறாமை?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எடுத்துவிடலாம் என்றால் யார் கை வைப்பது? போன வருஷம் பக்கத்து ஊரில் காதுகுத்து பேனர் ஒன்று கிழிந்ததற்கு இரண்டு தெருவும் கம்பு எடுத்தது உனக்கே தெரியும். வேறு யாராவது உன் படத்தைத் தொட்டால் பரசுராமன் மாமா சும்மா விடமாட்டார். நான் தொடலாம், முறை இருக்கிறது. அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. "உசுரோட கீற என் தம்பி மூஞ்சில கத்தி வெப்பியாடி? அதுக்கு முன்னே என் கழுத்துல வை" என்றது.

அது உன் மூஞ்சி. நீ சொல்லு.

கல்பனா


மன்ஹைம்
22 ஆகஸ்ட் 2007

கல்பனா,

கூரியரில் அனுப்புகிறேன். அந்தக் காசில் இங்கே இரண்டு வாத்து வாங்கலாம்.

பேனர் என்று படித்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது, சொல்லட்டுமா? முப்பதடியா, என்று தோன்றியது. எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கே இருபதடிதானே வைத்தார்கள், என்று தோன்றியது. எழுந்து கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் அடுத்த பத்தியைப் படித்தேன்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாயின் பின்னால் பையோடு நடக்கிற கனவான்களை நினைத்தேன். அவர்களாவது அள்ளி எடுக்கிறார்கள். நான் மூடி வைக்கிற துணியாகிவிட்டேன். தாடையைத் தடவினால் நுரை கையில் ஒட்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், எர்னாவின் வாசனைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டேன், வேப்பங்குச்சி கிடைக்காமல் எந்த மரத்துக் குச்சியோ ஒன்றை வாயில் வைத்துக் கடித்தேன். அது இன்னும் மோசம்.

எழுத மாட்டேன் என்று சொன்னதை இப்போது எழுதுகிறேன். கம்பெனிச் சுவர் ஆற்றைத் தொடும் இடத்தில், அவர்கள் குழாய் வெளியே வரும் இடத்துக்குக் கீழே, ஒரு மனுஷன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாளி. வாளியில் மீன். உயிரோடு. "இதை என்ன செய்வாய்?" என்று எர்னாவை விட்டுக் கேட்டேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்து, "சாப்பிடுவேன்" என்றான்.

அதே கம்பெனி. அதே சாயம். சுவரில் அதே முத்திரை. நான் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன், கல்பனா. மண் வாடை அடித்தது. அவ்வளவுதான்.

எர்னா சொன்னாள்: "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த ஆற்றில் கால் வைத்தால் என் அம்மா அடிப்பாள். தோல் வெந்துவிடும்." எப்படிச் சரியானது என்று கேட்டேன். "தானாகச் சரியாகவில்லை. ஜனம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது. சுத்தம் பண்ணாவிட்டால் ஆலையை ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது" என்றாள். அப்படியானால் செய்யத் தெரியாமல் இல்லை. நமக்கு இது போதும் என்று இருக்கிறார்கள். எனக்கு ஒரு டிக்கெட், ஒரு கோட்டு, ஒரு பேனர் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. அதுதான் சகிக்கவில்லை.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். இதில் நான் சொல்வது போலச் செய். திருட்டுப் புத்தியில் உன்னைவிட நான் நாற்பது தலைமுறை மூத்தவன். இப்போதே எடுத்துவிடாதே. எடுத்தால் மறுநாளே அறுபதடியில் இன்னொரு பூவராகவன் முளைப்பான். ஆறாம் தேதி, ஜீப் கரை ஏறி வளைவுக்கு வரும் நேரம். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

போனில் சொன்னால் ஊர் நம்பாது, பரசுராமன் கம்பு எடுப்பான். அதனால் தனித் தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டு, கட்டை விரல் ரேகையும் வைத்திருக்கிறேன். ஊரார் முன்னால் படித்துக் காட்டு.

அக்காவின் காலில் விழுந்து கேட்டதாகச் சொல். கத்தி என் முகத்தில் படாது, துணியில்தான் படும்.

பூவராகவன்

(தனித் தாள்)

ஏரிக்கரையில் இருக்கும் என் படத்தை எடுத்துவிட என் அக்கா மகள் கல்பனாவுக்கு நான் சம்மதம் தருகிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீரை எல்லாரும் பார்க்க வேண்டும். இது என் சொந்த விருப்பம்.
ஓ. பூவராகவன்


ஓடைவாயல்
9 செப்டம்பர் 2007

மாமா,

அது கிழிந்துவிட்டது. எப்படி என்று எழுதுகிறேன்; நீ கிளம்புவதற்குள் கையில் கிடைக்க நானும் கூரியரிலேயே அனுப்புகிறேன்.

அன்றைக்குக் காலையில் கரையில் நல்ல கூட்டம். பந்தல் பள்ளிக்கூடத்து மைதானத்தில். அதிகாரிகள் முதலில் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போவார்கள் என்று பாக்கியநாதன் சார் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வளைவிலேயே நின்றிருந்தார். பேனருக்கு மாலை போட்டிருந்தார்கள். நான் அரிவாளோடு போனேன். பரசுராமன் மாமா வழியை மறித்தார். தாளை எடுத்துப் படித்தேன்.

சிரித்துவிட்டார்கள் மாமா. எல்லாரும். "பூவராகன் ஜெர்மனில போயும் அடங்கல பாரேன், தன் பேனரைத் தானே கிழிக்கச் சொல்லி இன்னா விளையாட்டு இது!" என்று பரசுராமன் மாமா தொடையில் தட்டினார். "அடுத்து இன்னா, ஏரியையே தூக்கி அங்க அனுப்பச் சொல்லுவான்" என்று இன்னொருவர். ரேகையைக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். நீ இத்தனை வருஷம் அடித்த புளுகு எல்லாம் அன்றைக்கு என் எதிரில் வந்து நின்றது. ஜீப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அம்மா கூட்டத்தில்தான் இருந்தது. என் கையிலிருந்த தாளை வாங்கியது. அதற்குப் படிக்கத் தெரியாதே. "இன்னொரு வாட்டி படி" என்றது. படித்தேன். "அவ்ளோதானா? வேற ஒண்ணும் எழுதலியா?" என்றது. அவ்வளவுதான் என்றேன்.

அம்மா பரசுராமன் மாமாவைப் பார்த்துச் சொன்னது: "என் தம்பி ஊட்ல மோர் இல்லேன்னு சொல்றதுக்கே அரை நாள் பேசுவான். இதுல ஒரு வார்த்தகூட கூட்டிச் சொல்லல. அவனுக்கு உள்ள இன்னாவோ வெந்து போச்சுடா. வழிய வுடு."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போனது. உன் முகத்தில் வைக்கவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தது. ஒரு பக்கம் அறுத்ததும் ஏரிக்காற்று உள்ளே புகுந்து துணியை அப்படியே தூக்கியது. தாடைக்கு நடுவில் ஒரு இழு. டர்ர்ரென்று கிழிந்து, நீ பாதி அந்தக் கம்பத்திலும் பாதி இந்தக் கம்பத்திலுமாக ஆடினாய்.

நடுவில் குழாய்.

இவ்வளவு நாள் துணிக்குள்ளேயே அடைந்து கிடந்த நாற்றம் ஒரே அடியாக வெளியே வந்தது. நான் தினமும் மோப்பவள், எனக்கே வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஜீப் நின்றது. இறங்கிய பெண் அதிகாரி ஒருத்தர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கூட வந்தவர் ரோட்டோரம் போய் வாந்தியே எடுத்துவிட்டார். பாக்கியநாதன் சார் "சார், இது வெறும் மழைத் தண்ணி சார்" என்றார். மழைத் தண்ணீர் ஊதா நிறத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் நடந்தது. நான் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. எனக்கு அப்புறம் பரசுராமன் மாமா எழுந்தார். கம்பெனிக்காகப் பேச அவருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தார். தாளைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாறுது சார்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது யூனிட் வருமா வராதா என்று இன்னும் தெரியாது. மேலே அனுப்பி முடிவு சொல்வார்களாம். குழாய் மூன்று நாளாக விழவில்லை. நான் நம்பவில்லை, தினமும் போய்ப் பார்க்கிறேன். இவர் ஆட்டோவைக் கம்பெனி கேட்டில் நிறுத்தக் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. பொன்னேரி லைனுக்கு மாறிவிட்டார். திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறார்.

உன் வேலை போய்விட்டது. பாக்கியநாதன் சார் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வர டிக்கெட் மட்டும் தருவார்களாம். அம்மா அவரிடம், "வேல போனா போவட்டும். வண்டி ஏத்தி வுடும்போது காதுல பஞ்சு வெச்சு அனுப்பச் சொல்லுங்க நைனா" என்றது.

சம்பா விதைக்க நாள் பார்த்திருக்கிறேன். ஏரித் தண்ணீரை இந்த வருஷம் தொடப்போவதில்லை. மேட்டுப் பக்கக் கிணற்றிலிருந்து புதுசாக வாய்க்கால் வெட்ட வேண்டும். கூலி கொடுக்க எனக்குப் பணம் இல்லை. பூங்கா வேந்தருக்கு எங்கள் ஊட்டில் ஒரு மண்வெட்டி காலியாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வர வேண்டும். கோட்டு ஆகாது.

கல்பனா